ஆவுடையார்கோவிலில் இட்லி விலை ஏறிய கதை

நான் ஆவுடையார்கோவிலுக்குக் கோயில் பார்க்கப் போகவில்லை. இட்லி விலை கேட்கப் போனேன்.

எங்கள் காலேஜ் மேடம் ஒரு ஆராய்ச்சி செய்கிறார். அடுத்த வருடம் விலைவாசி எப்படி இருக்கும் என்று ஜனங்கள் நினைக்கிறார்கள், அந்த நினைப்பை வைத்துக்கொண்டு இன்றைக்கு என்ன செய்கிறார்கள் என்பதுதான் விஷயம். எம்.ஏ. எகனாமிக்ஸ் முடித்துவிட்டுச் சென்னையில் ரீல்ஸ் தள்ளிக்கொண்டு கிடந்த என் கையில் பதில்களைத் தட்டிக்கொள்ள ஒரு டேப்லெட்டைக் கொடுத்து, "புதுக்கோட்டை மாவட்டம் உனக்கு" என்றார். அடையாறு பாலத்தைத் தாண்டினாலே எனக்கு வெளிநாடு. ஆனாலும் தினப்படி உண்டு என்றதும் சரி என்றேன்.

பாடப்புத்தகத்தில் வரும் மனிதன் ஒரு ரோபோ. விலை ஏறினால் குறைவாக வாங்குவான், கூலி போதாவிட்டால் வேலை மாறுவான், அடுத்த வருடம் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டு வைத்திருப்பான். மேடத்தின் துறை இந்த ரோபோவை நம்பாது. நிஜ மனிதன் பக்கத்து வீட்டைப் பார்த்து வாங்குவான், பயந்தால் பதுக்குவான், அநியாயம் என்று தோன்றினால் நஷ்டப்பட்டாவது முறைத்துக்கொண்டு போவான். கோடிப் பேர் ஒரே நேரத்தில் இப்படிச் செய்தால் ஒரு நாட்டின் விலைவாசியும் வேலைவாய்ப்பும் சேர்ந்து ஆடும். அதனால் வட்டியை ஏற்றலாமா இறக்கலாமா என்று ஏசி அறையில் உட்கார்ந்து யோசிப்பவர்களுக்கு ஜனங்கள் மனதில் என்ன விலை ஓடுகிறது என்று தெரிய வேண்டும். அதற்கு யாராவது வெயிலில் அலைய வேண்டும். அந்த யாராவதுதான் நான்.

செவ்வாய்க்கிழமை காலையில் அறந்தாங்கி பஸ் ஸ்டாண்டிலேயே முதல் பல்பு. ஆவுடையார்கோவில் போகும் தனியார் பஸ் கிளம்பத் தயாராக நிற்கிறது, உள்ளே பாதி சீட் காலி. படியில் கால் வைத்தேன். கூடையோடு நின்ற ஒரு அம்மா என் பையைப் பிடித்து இழுத்தார்.

"ஏந்த்தா, அதுல எதுக்கு ஏறுற? பொம்பளைக்குக் காசில்லாத வண்டி வரும்."

"எப்ப வரும்?"

"வரும்போது வரும்."

இறங்கி நின்றேன். தனியார் பஸ் போனது. அடுத்ததும் போனது. நானும் அந்த அம்மாவும் இன்னும் பத்துப் பன்னிரண்டு பெண்களும் வெயிலில் நின்றுகொண்டே இருந்தோம். நடுவில் பசித்தது. ஆளுக்கு ஒரு டீயும் இரண்டு பஜ்ஜியும் வாங்கினோம். அது பஸ் டிக்கெட்டைவிட அதிகம். விலை சைபர் என்று கேட்டவுடன் மனிதனுக்குக் கணக்கு மறந்துபோகும் என்று நான் பரீட்சையில் எழுதி நல்ல மார்க் வாங்கியிருக்கிறேன். சென்னையில் என் அம்மா, கொத்தமல்லி சும்மா கொடுக்கும் கடைக்கு ஆட்டோ பிடித்துப் போகிறவர். எங்கள் பரம்பரைக்கு இது புதிதில்லை.

"இப்படி மிச்சமாகுற காசை என்ன பண்ணுவீங்க?" என்று அந்த அம்மாவிடம் கேட்டேன். ஆராய்ச்சிக் கேள்வி.

"அதுலதான் இந்த பஜ்ஜி" என்றார்.

ஆவுடையார்கோவிலில் இறங்கியதும் எதிரே, மேலவீதி முனையில், வள்ளிக்கண்ணு அக்காவின் இட்லிக்கடை. நாலு மூங்கில் கம்பு, மேலே நீலத் தார்ப்பாய், இரண்டு பெஞ்ச். அக்காவுக்கு நாற்பதைத் தாண்டியிருக்கும். ஒரே ஆள்தான், மாவு அரைப்பது, அவிப்பது, பரிமாறுவது, காசு வாங்குவது எல்லாம் அவர். இட்லி சாஸர் அளவுக்கு இருந்தது. மேலே கத்தரிக்காய் சாம்பார், ஓரத்தில் தக்காளிச் சட்னி. ஒன்று ஐந்து ரூபாய். சென்னையில் அந்தக் காசுக்கு இட்லியின் போட்டோகூடக் கிடைக்காது.

பெஞ்ச் நிறைய ஆட்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இரண்டு தெரு தள்ளி ஒரு கல்யாண மண்டபம் கட்டுகிறார்கள். அந்த வேலைக்கு வந்த கொத்தனார்களும் சித்தாள்களும். மேஸ்திரி கருப்பையா மட்டும் தனியாக ஒரு பிளாஸ்டிக் சேரில். டேப்பைத் திறந்து, பக்கத்தில் இருந்த இளவட்டக் கொத்தனாரிடம் கேட்டேன். அவர் பெயர் பாண்டி.

"அண்ணே, இன்னும் ஒரு வருஷத்துல விலைவாசி எப்படி இருக்கும்?"

"ஏறும்."

"எவ்வளவு ஏறும்?"

"நெறைய ஏறும்."

"உங்க கூலி?"

மொத்த பெஞ்சும் சிரித்தது. "அத அந்தச் சேர்ல உக்காந்திருக்கவருகிட்டக் கேளுங்க" என்றார் பாண்டி.

மேஸ்திரிக்குக் கோபம் வரவில்லை. துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னார்: "கூலி எதுக்குப் பாப்பா ஏத்தணும்? இந்தா, வள்ளி கடையில இட்லி இன்னும் அஞ்சு ரூபாதான். விலைவாசி ஏறியிருந்தா இட்லி ஏறியிருக்காதா?"

எல்லோர் கையிலும் ஐந்து ரூபாய் இட்லி இருந்தது. அக்கா யாரையும் பார்க்காமல் சாம்பாரைக் கலக்கிக்கொண்டிருந்தார்.

அவர்கள் எழுந்து போன பிறகு அக்காவே பேச்சைத் தொடங்கினார். "எப்பக் கூலி கேட்டாலும் இவரு என் இட்லியத்தான் சாட்சிக்குக் கூப்புடுவாரு."

"நீங்க விலைய ஏத்திட வேண்டியதுதானே?"

"ஏத்துனா இவனுக எப்பிடி வருவானுக? கூலி ஏறலயே. கீழ வீதியில ஒருத்தன் கடை போட்டிருக்கான், அவனும் அஞ்சுக்குத்தான் விக்கிறான். நான் ஏத்துனா அம்புட்டுப் பேரும் அங்கிட்டுப் போயிருவானுக."

"அவர் ஏத்த மாட்டாரா?"

"வள்ளி மொதல்ல ஏத்தட்டும்னு அவன் இருக்கான்."

கூலி இட்லிக்காகக் காத்திருக்கிறது, இட்லி கூலிக்காகக் காத்திருக்கிறது, கீழவீதி மேலவீதிக்காகக் காத்திருக்கிறது. இதை எங்கள் கிளாஸில் சொல்ல மூன்று போர்டு நிறையக் கோடு போடுவார்கள். உளுந்தும் கேஸும் மட்டும் யாருக்காகவும் காத்திருக்கவில்லை.

"இட்லியைக் கொஞ்சம் சின்னதா ஊத்துனா?" என்றேன். பெரிய பெரிய பிஸ்கெட் கம்பெனிகள் எல்லாம் செய்கிற வேலை.

"விலையக் கூட்டுனா சண்டை போடுவான், மறுநா வருவான். அளவக் கொறச்சா ஏமாத்துறாள்னு சொல்லுவான். அப்பறம் அவன் மொகத்தப் பாத்துச் சட்னி ஊத்த முடியுமா?"

அப்போதுதான் திருப்பூர் விஷயத்தைச் சொன்னார். அங்கே தங்கச்சி ஒரு பனியன் கம்பெனியில் இருக்கிறாளாம். கேண்டீனில் அக்காவுக்கு ஒரு இடம் பேசி வைத்திருக்கிறாள். வருகிறாரா இல்லையா என்று வெள்ளிக்கிழமைக்குள் சொல்ல வேண்டும்.

"போறீங்களா?"

"போகப் பிடிக்கல. அங்கிட்டு எவளோ ஒருத்தி பின்னாடி நின்னு, ஒரு கரண்டி ஊத்து, ரெண்டு கரண்டி ஊத்துன்னு சொல்லுவா. இங்கிட்டு நான் ஊத்துறதுதான் சாம்பாரு. ஆனா இந்த வெலைக்கு இதுக்கு மேல ஓட்ட முடியாது பாப்பா."

என் கடமை பாக்கி இருந்தது. "சரிக்கா, அடுத்த வருஷம் இட்லி என்ன விலை இருக்கும்னு நினைக்கிறீங்க?"

கொஞ்சம் யோசித்தார். "ஏழு."

டேப்பில் ஏழைத் தட்டினேன். அக்கா எட்டிப் பார்த்தார்.

"போட்டுட்டியா?"

"போட்டுட்டேன்க்கா."

"ஏழுன்னா?"

"ஏழுதான்."

இவ்வளவுதான் நடந்தது. இதில் ஒன்றும் இல்லை என்று நினைத்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போனேன்.

மத்தியான வெயில் மண்டையைப் பிளந்ததால் நிழலுக்காகக் கோயிலுக்குள் ஒதுங்கினேன். உள்ளே லிங்கம் கிடையாது, அதைத் தாங்கும் பீடமான ஆவுடை மட்டும்தான். சுடுசோற்றைக் கல்மேடையில் கொட்டி, அதிலிருந்து எழும்பும் ஆவியைத்தான் சாமிக்குப் படைக்கிறார்கள். திரும்பி வந்து இதை அக்காவிடம் ஏதோ நான் கண்டுபிடித்த மாதிரி சொன்னேன்.

"அவருக்கு ஆவி போதும்" என்றார் அக்கா. "நம்மாளுக்குச் சட்னி வேணும். அதுவும் ரெண்டு வகை வேணும்."

புதன்கிழமை கடற்கரைப் பக்கம், கோட்டைப்பட்டினம். இந்த முறை உஷாராகத் தனியார் பஸ்ஸிலேயே ஏறினேன். கண்டக்டரிடம் இரண்டு பத்து ரூபாய் காயின் கொடுத்தேன். அவர் அதைப் பல்லியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"நோட்டா இருந்தாக் குடுங்க."

"ஏன், இது செல்லாதா?"

"செல்லும்."

"அப்புறம்?"

"நான் வாங்கிட்டா, எங்கிட்ட யாரு வாங்குவா?"

இதற்கு மேல் சுருக்கமாகப் பணம் என்றால் என்ன என்று யாரும் சொல்லிவிட முடியாது. காயின் செல்லும் என்று டெல்லியில் எத்தனை தடவை அறிவித்தாலும் கண்டக்டர் பார்ப்பது டெல்லியை இல்லை, டீக்கடையை. டீக்கடைக்காரர் பார்ப்பது கண்டக்டரை. என்னிடம் நோட்டு இல்லை, போனில் அனுப்பலாம் என்றால் சிக்னல் இல்லை. சீமைக்கருவேலம் தவிர வேறெதுவும் இல்லாத ஒரு ஸ்டாப்பில் மரியாதையாக இறக்கிவிட்டார்கள். "பாத்துப் போங்க" என்றுகூடச் சொன்னார்கள்.

மீன் ஏற்றப் போன லோடு ஆட்டோ ஒன்று நின்றது. டிரைவர் காயினை மறுபேச்சில்லாமல் வாங்கினார். எனக்கே ஆச்சரியம். "நீங்க மட்டும் எப்படி வாங்குறீங்க?" என்றேன்.

"நான் உண்டியல்ல போட்டுருவேன். அங்க யாரும் திருப்பிக் குடுக்க மாட்டாங்கல்ல."

கோட்டைப்பட்டினத்தில் மீன் வாசத்தோடு போய் நின்ற என்னை ஃபாத்திமா லாத்தா வீட்டுக்குள் கூப்பிட்டு முதலில் கை கழுவச் சொன்னார். லாத்தா என்றால் அந்தப் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் அக்கா. அவர் வீட்டுக்காரர் சவுதியில் டிரைவர். கேள்வி கேட்க ஆரம்பிப்பதற்குள் தட்டில் இடியாப்பமும் மீன் ஆணமும் வந்துவிட்டன. ஆணம் என்பது குழம்புதான், ஆனால் எங்கள் வீட்டுக் குழம்பை அந்தப் பெயரில் கூப்பிட எனக்குத் தைரியம் வராது.

விலைவாசி பற்றிக் கேட்டால் லாத்தா ரியால் ரேட்டில் பதில் சொன்னார். காலையில் எழுந்ததும் போனில் அதைத்தான் பார்க்கிறார். "ரூவா எறங்குற மாதிரி தெரிஞ்சுச்சு. இப்ப அனுப்பாதீங்க, ரெண்டு நாளு கழிச்சு அனுப்புங்கன்னு சொன்னேன். அதே மாதிரி எறங்குச்சு." நாட்டின் பணம் விழுந்ததில் இவ்வளவு சந்தோஷப்பட்டவரை நான் நேரில் பார்த்ததில்லை.

"அங்க சம்பளம் ஏறுமா லாத்தா?"

"ஏறாது."

"குறைப்பாங்களா?"

"கொறைக்கவும் மாட்டாங்க. கொறைச்சா எல்லாரும் மொகத்தத் தூக்கி வச்சுக்குவாங்கள்ல. ரெண்டு பேத்த ஊருக்கு அனுப்பிட்டு மிச்ச ஆளுக்கு அதே சம்பளத்தக் குடுப்பாங்க."

மந்தம் வந்தால் முதலாளிகள் ஏன் சம்பளத்தைக் குறைக்காமல் ஆளைக் குறைக்கிறார்கள் என்பது எங்கள் துறையில் ஒரு பெரிய தலைவலி. டைப் செய்துகொண்டேன். லாத்தா இன்னொரு இடியாப்பம் வைத்தார்.

வியாழக்கிழமை மறுபடி ஆவுடையார்கோவில். விட்டுப்போன சில வீடுகளை முடிக்க வேண்டியிருந்தது. பஸ்ஸை விட்டு இறங்கியதுமே ஏதோ சரியில்லை என்று பட்டது. செவ்வாய்க்கிழமை என்னைப் பாப்பா என்று கூப்பிட்டவர்கள் மேடம் என்றார்கள். டீக்கடைக்காரர் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். டீக்குக் காசு வாங்க மறுத்தார்.

மளிகைக்கடை ஜமால் பாய்தான் விஷயத்தை உடைத்தார். செவ்வாய்க்கிழமை வாசலில் இருந்த உளுந்து மூட்டை உள்ளே போயிருந்தது.

"மேடம், உளுந்துக்கு எம்புட்டுப் போட்டிருக்கீங்க?"

"எதுல போட்டிருக்கேன்?"

"இட்லிக்கு ஏழுன்னு போட்டுட்டீங்களாமே. அப்ப உளுந்துக்கும் ஏதாச்சும் போட்டிருப்பீங்கள்ல."

"பாய், நான் யாருக்கும் எதுவும் போடலை. நான் கவர்மெண்டே இல்லை. இது காலேஜ் சர்வே."

"சரிங்க" என்றார் பாய், குரலைத் தாழ்த்தி. "வெளிய சொல்ல முடியாது. புரியுதுங்க."

நடந்தது இதுதான். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் உளுந்து வாங்கப் போன வள்ளிக்கண்ணு அக்கா, ஒரு பெண் வந்து விலை கேட்டதையும், ஏழு என்று டேப்பில் போட்டுக்கொண்டதையும் பாயிடம் சொல்லியிருக்கிறார். பாய் கீழவீதிக்காரரிடம் சொல்லியிருக்கிறார். புதன்கிழமை முழுவதும் ஊர் இதைப் பேசியிருக்கிறது. ஊரை முட்டாள் என்று நினைக்கவும் முடியாது. ரேஷன் கார்டு, முதியோர் பென்ஷன், மாதாமாதம் பெண்களுக்கு வரும் ஆயிரம் ரூபாய் எல்லாமே அங்கே இப்படித்தான் வந்திருக்கிறது: யாரோ ஒரு பெண் பையும் செல்போனுமாக வருவாள், கேள்வி கேட்பாள், தட்டுவாள், போய்விடுவாள். கொஞ்ச நாளில் அவள் தட்டியது நடக்கும். நான் ஏழு தட்டினேன். அதனால் ஏழு நடக்கப் போகிறது.

விலையைப் பற்றிய நினைப்பை அளக்கப் போன இடத்தில் அந்த நினைப்பை நானே ஊற்றிவிட்டு வந்திருக்கிறேன். பாய் உளுந்தை உள்ளே வைத்துவிட்டார், வெளியே வைத்திருந்த கொஞ்சத்தை விலை கூட்டி விற்றார். எண்ணெய் பாக்கெட்டுகளை ஆட்கள் இரண்டு இரண்டாக வாங்கினார்கள். விலை ஏறும் என்று நினைத்து வாங்க, வாங்குவதாலேயே விலை ஏற, பார்த்தாயா நான் சொன்னேனே என்று ஆனது.

மேடத்துக்குப் போன் போட்டேன். முழுவதையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "இன்ட்ரஸ்டிங்" என்றார். பிறகு நினைவு வந்தவர்போல, "உடனே எல்லார்கிட்டயும் போய் உண்மையைச் சொல்லு" என்றார்.

சொன்னேன். கடைத்தெருவில் நின்று, தொண்டை கிழிய, இது வெறும் சர்வே, எந்த விலையையும் யாரும் ஏற்றப்போவதில்லை என்றேன். எண்ணெய் வாங்கிக்கொண்டிருந்த ஒரு அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏறாதுங்கிறியா?"

"ஏறாதும்மா."

"ஒண்ணுமே ஏறலேன்னா, இந்த வேகாத வெயில்ல அத எதுக்குத்தா வந்து சொல்லிக்கிட்டு இருக்க?"

கூட ஒரு பாக்கெட் வாங்கிக்கொண்டு போனார். விலைவாசி கட்டுக்குள் இருக்கிறது என்று டிவியில் கோட்டு சூட்டோடு ஒருவர் சொல்லும்போது வீடுகளில் என்ன நடக்கும் என்று எனக்கு அன்றைக்குத்தான் பிடிபட்டது. சொல்வது என்ன என்பதை யாரும் கேட்பதில்லை. இப்போது ஏன் சொல்கிறார், போன முறை சொன்னபோது என்ன ஆனது என்பதைத்தான் பார்க்கிறார்கள். இதைச் சேர்க்காமல் கொள்கை அறிக்கை எழுதினால் அது மறுப்பு அறிக்கையாகத்தான் போய்ச் சேரும்.

அக்காவிடம் மட்டும் தனியாகப் போய்ச் சொன்னேன். "அக்கா, ஏழுங்கிறது நீங்க நினைச்சது. அதைத்தான் தட்டினேன். அதை வச்சு எந்த உத்தரவும் வராது."

அக்காவின் கை நின்றுவிட்டது. பாயிடம் அன்றைக்குக் கூடுதல் விலைக்கு உளுந்து வாங்கியிருந்தார். ஐந்து ரூபாய்க்கு விற்றால் முன்னைவிட அதிகமாகக் கையைக் கடிக்கும். மறுநாள் வெள்ளி.

"அப்ப நீயே ஒரு பேப்பர்ல அடிச்சுக் குடு. இட்லி ஏழு ரூபான்னு. கீழ ஒரு கையெழுத்துப் போட்டுரு."

"அது தப்புக்கா."

"சரி, பேப்பரு வேணாம். நாளைக்கு நீ பேசாம இருந்தாப் போதும்."

"யாராவது கேட்டா உண்மையைத்தான் சொல்வேன்."

"சொல்லிக்க" என்றார் அக்கா. "ஒன்ன யாரு நம்புறா."

வெள்ளிக்கிழமை காலையில் நான் போய்ச் சேர்ந்தபோது தார்ப்பாய்க் கம்பில் ஒரு அட்டை தொங்கியது. இட்லி ரூ. 7. எழுத்து கோணலாக இருந்தது, ஏழு மட்டும் பெரிதாக இருந்தது. அக்கா தலைக்குக் குளித்திருந்தார். துடைத்த தட்டுகளையே திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மண்டபத்து ஆட்கள் வந்தார்கள். அட்டையைப் பார்த்தார்கள். உட்காரவில்லை.

"என்னக்கா, ஏழா?" என்றார் பாண்டி.

"ஆமா."

அக்காவிடம் முன்தினம் சொன்னபடியே நான் எழுந்து நின்றேன். "அண்ணே, இது கவர்மெண்ட் விலை இல்லை. அக்கா வச்ச விலை."

"சரிங்க மேடம்" என்றார் பாண்டி, ரகசியத்தைக் காப்பாற்றுகிற முகத்தோடு.

ஒருவர் மட்டும் விறுவிறுவென்று கீழவீதிப் பக்கம் போனார். அக்கா அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். மிச்சப் பேர் நின்றார்கள். அவர் திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். "அங்கயும் ஏழுதான். இவ ஏத்திட்டாளாம்ல, அதனால நானும் ஏத்திட்டேங்கிறான்."

எல்லோரும் உட்கார்ந்தார்கள். பாண்டி தட்டை நீட்டினார். "முப்பது ரூவாய்க்கு வைங்கக்கா."

அடுத்தவரும் முப்பது ரூபாய்க்கு என்றார். அதற்கடுத்தவரும். தினமும் ஆறு இட்லி சாப்பிடுகிறவர்கள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை, அவர்கள் தினமும் முப்பது ரூபாய் சாப்பிடுகிறவர்கள். அன்றைக்கு அது நாலு இட்லியாக இருந்தது. சாம்பாரை அதிகம் கேட்டு வாங்கி ஊற்றிக்கொண்டார்கள். வாங்குவது இட்லிக் கணக்கிலா ரூபாய்க் கணக்கிலா என்று கேட்க என் டேப்பில் இடமே இல்லை.

மேஸ்திரி கருப்பையா கடைசியாக வந்தார். அட்டையைப் படித்தார், ஆட்களின் தட்டைப் பார்த்தார். அடுப்புக்குப் பின்பக்கம் போய் அக்காவைக் கூப்பிட்டார். நான் அங்கேதான் கை கழுவிக்கொண்டிருந்தேன். என்னை அவர் பொருட்படுத்தவில்லை.

"என்னத்தா வள்ளி, இப்பிடிப் பண்ணிட்ட? நாளைக்குச் சம்பளம். இவனுக இந்த அட்டையத் தூக்கிக்கிட்டுல்ல வருவானுக."

"என்ன மேஸ்திரி பண்ணச் சொல்றீக? உளுந்து விக்கிற வெலைக்கு நான் கடையக் கட்டிட்டுத் திருப்பூருதான் போகணும்."

"நீ ஒண்ணு பண்ணு. அட்டையில அஞ்சுன்னே இருக்கட்டும். எங்காளுக திங்கிற இட்லிக்கு மிச்ச ரெண்டு ரூபாய நான் தாரேன். வாராவாரம் வாங்கிக்க. நமக்குள்ள இருக்கட்டும்."

நான் கையைக் கழுவிக்கொண்டே இருந்தேன். எல்லோருக்கும் கூலி ஏற்றுவதைவிட இட்லிக்கு ரெண்டு ரூபாய் போடுவது அவருக்கு மலிவு. உணவு விலையை மானியம் கொடுத்துப் பிடித்து வைத்தால் கூலியும் பிடித்த இடத்தில் நிற்கும் என்பது பெரிய பெரிய அரசாங்கங்கள் செய்து பார்த்த கணக்கு. அதை இந்த மனிதர் அடுப்புக்குப் பின்னால் நின்று ஒரு நிமிடத்தில் போட்டார். அக்காவுக்கும் இதில் நஷ்டமில்லை. கடை நிற்கும், யாரோடும் சண்டை இல்லை, திருப்பூர் இல்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் ஐந்து ரூபாய் இட்லி சாட்சி சொல்லப் போகும், அவ்வளவுதான்.

அக்கா என்னைப் பார்த்தார். அபிப்பிராயம் கேட்கிறார் என்று நினைத்து நான் வாயைத் திறந்தேன். அவர் பார்த்தது என் பின்னால் இருந்த கரண்டியை. அதை எடுத்துக்கொண்டு முன்பக்கம் போனார். இட்லிப் பானையின் மூடியைத் திறந்து, தினமும் யாருக்கு எத்தனை என்று கேட்கும் அதே குரலில் சொன்னார்:

"பாண்டி, அட்டையில அஞ்சுன்னே போட்டுக்கன்னு மேஸ்திரி சொல்றாரு. ஒங்க இட்லிக்கு மிச்ச ரெண்டு ரூபாய அவரு குடுத்துர்றாராம்."

பாண்டி விரலில் இருந்த சட்னியை நக்கி முடித்தார்.

"மேஸ்திரி, அந்த ரெண்டு ரூபாயக் கூலியோட சேத்து எங்க கையில குடுத்துருங்களேன். நாங்களே அக்காவுக்குக் குடுத்துக்கிறோம்."

"ஆறு இட்லிக்குப் பன்னெண்டு ரூவா" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

"நான் எட்டு திம்பேன்" என்றது கடைசியிலிருந்து ஒரு குரல்.

"ஆமா, நீ சிமெண்டையே திம்ப."

"இட்லி வேற, கூலி வேறடா" என்றார் மேஸ்திரி.

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. பாண்டி தட்டைக் கீழே வைத்தார். "அப்பிடிங்களா மேஸ்திரி? இம்புட்டு நாளும் ரெண்டும் ஒண்ணுன்னுல்ல சொன்னீக."

மேஸ்திரி துண்டை உதறித் தோளில் போட்டார். யாரையோ அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். போய்த் தன் பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்தார். "நாளைக்குச் சம்பளத்துல பேசிக்குவோம். மணியாகுது, கெளம்புங்க." பிறகு, அக்காவைப் பார்க்காமல், "எனக்கு நாலு வை" என்றார். சாப்பிட்டு, ஏழு ரூபாய்க் கணக்கிலேயே காசைக் கொடுத்துவிட்டுப் போனார்.

ஆட்கள் போன பிறகு தங்கச்சியின் போன் வந்தது. அக்கா ஒரு அண்டாவில் கை விட்டு எதையோ அலசிக்கொண்டிருந்தார். போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டார்.

"இல்லடி, நான் வரல. அவங்ககிட்டச் சொல்லிரு."

அந்தப் பக்கம் நீளமாக ஏதோ கேட்டார்கள்.

"வந்தானுகதான். நாலு நாலா தின்னானுக. … கூலி ஏறுமான்னு எனக்கு என்னடி தெரியும்? நாளைக்குத்தான் தெரியும்."

மறுபடி நீளம்.

"ஏறலேன்னா அப்பப் பாக்கலாம். நாளைக்கு உளுந்து ஊறப் போட்டுட்டேன். வை போன."